இருபதாவது தோட்டா

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆசான் மாசிலாமணி. அவரிடம் ஏழு வருடமாகத் துப்பாக்கி வேலை கற்றுவந்த சீடர் அந்தோணிமுத்து. அந்தோணிமுத்துவின் மருமகன் சூசை. பூட்டு ஒன்றைச் சரிசெய்ய வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நான். வாசலில் ஒரு நாயும் கிடந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆசானுக்கு நாற்பத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. அதனால் ஆசான் சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

மலையில் மிளா மான் வேட்டைக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்துவந்த காலம் அது. சூசைக்கு ஒரு மிளாவுக்கு உரிமம் கிடைத்திருந்தது. மறுநாள் விடியலில் காட்டுக்குப் போக வேண்டும். துப்பாக்கி, அவன் தாத்தா முதல் உலகப் போருக்குப் போன இடத்தில் ஜெர்மன் சிப்பாயிடமிருந்து எடுத்துவந்தது. "ஊசி சரியா அடிக்கல" என்று காலையில் கொண்டுவந்திருந்தான். உள்ளே, ஊசியைத் தோட்டாவின் பின்புறத்தில் அடிக்க வைக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மாமனாரே புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார்.

தோட்டாவும் மாமனார் தேர்ந்தெடுத்ததுதான். முந்தின நாள் டவுனில் வாங்கி மருமகனிடம் கொடுத்திருந்தார். அந்தப் பெட்டி மேசைமேல் திறந்திருந்தது. உள்ளே பத்தொன்பது. பார்த்ததை எண்ணிவிடுவது என் பழக்கம்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு துப்பாக்கியில் புது வகைத் தோட்டா போட்டால், முதல் வெடியை ஆள் சுடக் கூடாது. பின்கொல்லையில் லாரி டயரில் கட்டிவைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கயிற்றால் விசையை இழுப்பார்கள்.

"இதுக்கு அதெல்லாம் வேண்டாம் ஆசானே," என்றார் அந்தோணிமுத்து. "என் மருமகன் துப்பாக்கி. நானே பார்த்தது. இதைவிடப் பாதுகாப்பான தோட்டா எது, நீங்களே சொல்லுங்க."

ஆசான் சொல்லவில்லை. கேட்டார்.

"எதைப் பார்த்து எடுத்தீங்க?"

"தாத்தா வச்சிருந்தது பட்டாளத்துத் தோட்டா. முழுக்கக் கெட்டி உறை. மிளாவைத் துளைச்சிட்டு அந்தப் பக்கம் போயிரும். அது ரெண்டு மலை தாண்டி ஓடி, எங்கேயோ கிடந்து சாகும். இது மெத்து முனை. பட்ட இடத்துல விரியும். நின்ன இடத்துலயே விழுந்திரும்."

"மிளாவுக்கு நல்லது. அப்புறம்?"

"பெட்டியில எட்டு மில்லிமீட்டர். துப்பாக்கியும் எட்டு."

"அப்புறம்?"

"உள்ள வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒத்த விரலால தள்ளினா பின்னால இருக்கிற போல்ட் மூடுது. இன்னும் என்ன வேணும்?"

"குழலை அளந்தீங்களா?"

அந்தோணிமுத்து சிரித்துவிட்டார். "தாலி கட்டின பிறகு பொண்ணு பார்க்கச் சொல்றீங்களே! எட்டுன்னா எட்டுதானே ஆசானே."

"மாமா, நேரமாகுது," என்றான் சூசை. "அமலி தனியா இருக்கா."

அமலி அந்தோணிமுத்துவின் ஒரே மகள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

ஆசான் எழுந்தார். மூலையில் கிடந்த பூசணிக்காய்களில் ஒன்றைத் தூக்கினார். துப்பாக்கியைக் கொல்லைக்கு எடுத்துப்போய் டயரில் இறுக்கிக் கட்டினார். சுடுகிறவன் கன்னம் வைக்கிற இடத்தில் பூசணிக்காயை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். பிறகு சூசையின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

"திருஷ்டி கழிக்கிறீங்களா ஆசானே?" என்று கேட்டார் அந்தோணிமுத்து.

"என் மூஞ்சி இதைவிட ஒல்லி மாமா," என்றான் சூசை.

எல்லோரும் சிரித்தோம். ஆசானும் கொஞ்சம் சிரித்தார். ஒரு தோட்டாவைப் போட்டு, போல்டை மூடி, எங்களைச் சுவருக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னார். கயிற்றைச் சீடர் கையில் கொடுத்தார்.

"நீங்க தேர்ந்தெடுத்தது. நீங்களே இழுங்க."

அவர் இழுத்தார்.

துப்பாக்கி வெடிக்கிற சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். இது அந்தச் சத்தம் இல்லை. இரும்பு கிழிகிற சத்தம். சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. நாய் தெருக்கோடி வரை ஓடிய பிறகுதான் குரைத்தது.

ஆசான் முதலில் போனார். கொஞ்ச நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார்.

துப்பாக்கியின் மரக்கட்டை நீளவாக்கில் பிளந்திருந்தது. தோட்டா இருந்த அறை வாய் பிளந்து கிடந்தது. பூசணிக்காயில் இடது பாதி மட்டும் இருந்தது. வலது பாதி டயரிலும் மண்ணிலும் கொய்யா மரத்தின் இலைகளிலும் இருந்தது. விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று வேலிக் கல்லில் குத்தி நின்றது. அதற்குக் கீழே கிடந்தது தொப்பி.

சூசை தன் வலது கன்னத்தைத் தொட்டான். கையை எடுத்துப் பார்த்தான். மறுபடியும் தொட்டான்.

அந்தோணிமுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

ஆசான் துப்பாக்கியை அவிழ்த்து, எல்லோரையும் உள்ளே மேசைக்கு வரச் சொன்னார். குழலுக்குள் கம்பி விட்டு, அடைப்பு இல்லை என்று பார்த்தார். முனையில் ஒரு ஈயத் துண்டை வைத்து அடித்து, மறுபக்கம் வரை தள்ளினார். வெளியே வந்த ஈயத்தை மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்தார். திருகை அப்படியே அசையாமல் வைத்தார். பெட்டியிலிருந்து இன்னொரு தோட்டாவை எடுத்து, அதன் குண்டை மட்டும் பிடுங்கி, சீடரிடம் நீட்டினார்.

"அந்த இடைவெளியில நுழைச்சுப் பாருங்க."

அந்தோணிமுத்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் பிடித்துப் பார்த்தார். நுழையவில்லை.

"எட்டுன்னு ரெண்டு இருக்கு," என்றார் ஆசான். "முதல்ல வந்த குழல் குறுகல். பிறகு வந்தது ஒரு மயிரளவு அகலம். இந்தத் துப்பாக்கி முதல் வகை, தோட்டா ரெண்டாவது. தோட்டாவோட ஓடு ரெண்டுக்கும் ஒரே மாதிரி. அதனாலதான் வழுக்கிக்கிட்டுப் போச்சு."

ஆசான் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எண்ணியிருப்பீங்களே. எத்தனை இருக்கு?"

"பத்தொன்பது இருந்தது," என்றேன். "ஒன்று வெடித்தது. ஒன்று பிரித்தது. பதினேழு."

"மூடியில இருபதுன்னு போட்டிருக்கு."

சூசை தலையைக் குனிந்துகொண்டான். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தான். அதன் பின்புறத்தில் ஊசி பட்ட இடத்தில் சின்னதாக ஒரு குழி இருந்தது. பாதி ஆழம்கூட இல்லை.

"நேத்து சாயங்காலம் மாமா," என்றான். "ஒண்ணு போட்டுப் பார்ப்போம்னு. டக்குன்னு சத்தம் மட்டும் வந்துது. வெடிக்கல. அதுக்குத்தான் காலையில கொண்டுவந்தேன்."

"எங்க வச்சுச் சுட்டே?" என்று கேட்டார் அந்தோணிமுத்து.

"முற்றத்துல."

"அமலி?"

"பக்கத்துலதான் நின்னா. அவதான் தோட்டாவை எடுத்துக் கொடுத்தா."

அந்தோணிமுத்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஸ்பிரிங்க..." என்றார். "ஆசானே, அந்த ஸ்பிரிங்க நான்தானே போட்டேன்."

ஆசான் வேலிப் பக்கம் போய்த் தொப்பியை எடுத்தார். பூசணி விதைகளைத் தட்டிவிட்டு சூசையின் தலையில் வைத்தார். திரும்பி வந்து அந்தக் குழி விழுந்த தோட்டாவை மற்றவற்றோடு சேர்க்காமல், தனியாக, சீடரின் கண்ணுக்கு நேராக நிறுத்தினார்.

"பாதுகாப்பான தோட்டா எதுன்னு கேட்டீங்க அண்ணாச்சி. இருபதுல ஒண்ணு இருந்திருக்கு. நீங்க ஸ்பிரிங் மாத்துற வரைக்கும்."

அந்தோணிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பூட்டை வாங்காமலே கிளம்பினேன். பெட்டியில் மீதி பதினேழு.