மாம்பழத்தைக் குத்திப் பார்த்த முள்ளம்பன்றி

மேட்டுக்காட்டுக்கும் பள்ளக்காட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் குறுக்கே விழுந்து கிடந்த மருதமரம்தான் பாலம். பாலத்தின் மேட்டுக்காட்டு முனையில் ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி காவல் இருந்தது.

முன்பெல்லாம் அங்கே காவலே கிடையாது. பள்ளக்காட்டிலிருந்து மாம்பழம் வரும். மேட்டுக்காட்டிலிருந்து உவர்மண் கட்டி போகும். உப்பு ஊறிய அந்த மண்ணை நக்காவிட்டால் பள்ளக்காட்டு மான்களுக்குக் கால் தள்ளாடும். கோடையில் மாம்பழம் இல்லாவிட்டால் மேட்டுக்காட்டில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொடுத்தார்கள், வாங்கினார்கள். யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஒருநாள் மேட்டுக்காட்டுத் தலைவர் யானையார் வாயில் போடப்போன மாம்பழத்தில் ஒரு புழு நெளிந்தது. ஒரே ஒரு புழு! அதற்கே அவர் பிளிறிய பிளிறலில் காடு நடுங்கியது.

"இனிமேல் குத்திப் பார்க்காமல் ஒரு பழமும் உள்ளே வரக் கூடாது!"

குத்துவதற்கு முள்ளம்பன்றியை விட்டால் வேறு யார்? பதவி வந்ததும் ஊசியப்பனின் முதுகு முட்களெல்லாம் ஒரு விரல் உயரம் கூடுதலாக நிமிர்ந்து நின்றன.

பள்ளக்காட்டார் சும்மா இருப்பார்களா? "நம்ம பழத்தையா குறை சொல்றாங்க? அவங்க மண்ணுல தேள் இருக்காதுன்னு என்ன நிச்சயம்?" என்று தங்கள் முனையில் கெட்டியன் என்ற உடும்பை உட்கார வைத்தார்கள். வருகிற கட்டிகளையெல்லாம் ஓடை நீரில் ஊறப்போட்டுத் தேள் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. தேள் அகப்படவில்லை. உப்பெல்லாம் ஓடையோடு போனது. மான்களுக்குச் சேறுதான் போய்ச் சேர்ந்தது.

ஊசியப்பன் நேர்மையான காவல்காரன். அதில் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு பழத்தையும் நாலு இடத்தில் குத்தும். ஆழமாகக் குத்தும். பழம் சுமந்து வரும் சடைச்சி என்ற மந்திக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, இப்படி ஓட்டை போட்டா பழம் என்னத்துக்கு ஆகும்? மேடு ஏறுறதுக்குள்ள ஈ மொய்ச்சிடுது!"

"சட்டம்னா சட்டம்தான், சடைச்சி! நான் காவலுக்கு வந்ததுலேர்ந்து ஒரு புழு உள்ள வந்திருக்கா? சொல்லு!"

"புழுவும் வரலை, பழமும் வரலை. நாளையிலேர்ந்து நானும் வரலை! இந்தக் கூடையை நீங்களே வச்சுக்குங்க!"

சொன்னபடியே கூடையைப் போட்டுவிட்டுப் போய்விட்டது மந்தி. உள்ளூர ஊசியப்பனுக்குச் சந்தோஷம்தான். ஏனென்றால் வளையில் அதன் மனைவி பூமுள்ளி இரண்டு குட்டிகளை ஈன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. கோடை வெயிலில் கிழங்கெல்லாம் சுருங்கிப் போயிருந்தன. தின்ன ஒன்றும் இல்லை.

"என்னங்க, பால் சுரக்கலை. ரெண்டும் வெறும் காம்பைச் சப்பிட்டு அழுவுதுங்க" என்றது பூமுள்ளி.

"கவலைய விடு! இதோ மாம்பழம். எல்லாம் நானே சோதிச்சது. பயப்படாம சாப்பிடு!"

முதல் நாள் பழம் இனித்தது. இரண்டாம் நாள் புளித்து நாறியது. மூன்றாம் நாள் பூமுள்ளி ஒரு பழத்தைப் பிளந்து, அப்படியே கீழே போட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் புழு!

"அந்த மந்தி ஏமாத்திட்டா!" என்று குதித்தது ஊசியப்பன். இன்னொன்றைப் பிளந்தது, புழு. அதற்கடுத்ததும் புழு. கூடையின் அடியில் ஒரே ஒரு பழம் மட்டும் நல்ல மஞ்சளாய், வாசனையாய் இருந்தது. மந்தியோடு சண்டை போட்ட மும்முரத்தில் குத்த மறந்த பழம் அது.

பூமுள்ளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இதுல ஓட்டை இல்லைங்க. மத்ததுல பாருங்க, நீங்க குத்தின இடத்துலதான் புழு. ஈ உள்ள போய் முட்டை வச்சிருக்கு. அதுக்கு வழி போட்டுக் குடுத்தது நீங்கதான்."

ஊசியப்பன் கூசிப் போனது. முட்களெல்லாம் தாமாகவே படுத்துக்கொண்டன. மிஞ்சிய அந்த ஒரு பழத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பாலத்துக்கு ஓடியது. முதல் முறையாக மறு முனைக்கும் போனது.

"நில்லு! உன் முதுகையும் ஊறப்போட்டுத்தான் பார்க்கணும்!" என்றது உடும்பு.

"கெட்டியா, பழத்துல புழு வந்ததே என் முள்ளாலதான். என் பிள்ளைங்க பாலில்லாம கிடக்குது."

உடும்பின் முறுக்கு அடங்கியது. அது சொன்னது: "போன வாரம் இங்க ஒரு மான்குட்டி எழுந்திருக்கவே இல்லை. தாய்க்குத் தெம்பில்லை. நான் கலக்கி அனுப்பின சேத்தை அது நக்கிட்டு நின்னதைப் பார்த்தேன். பார்த்துட்டும் அடுத்த கட்டியைத் தண்ணியிலதான் போட்டேன்."

ஊசியப்பன் உடும்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"இனிமே கூடைக்கு ஒரு பழத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பிளந்து பார்ப்போம். மண்ணுலயும் ஒரு கட்டியை உடைச்சுப் பார்ப்போம். நல்லா இருந்தா மீதியைத் தொடாம விட்டுடுவோம். என்ன சொல்றே?"

"எங்க ஆளுங்ககிட்ட நான் பேசுறேன். உங்க யானையார் ஒத்துக்குவாரா?"

"நான் போய்க் கேட்கிறேன்!"

ஊசியப்பன் புழுத்த பழம் ஒன்றை யானையாரின் முன்னால் கொண்டுபோய் வைத்தது.

"பள்ளக்காட்டுப் புழுவா?" என்று சீறினார் யானையார்.

"இல்லை, தலைவரே! நம்ம காட்டுப் புழு. அவங்க பழத்துல ஓட்டை போட்டு நாமே வளர்த்தது."

யானையார் காதை விசிறினார். தும்பிக்கையை ஆட்டினார். "சரி. மறுபடி புழு வந்தால்?"

"வந்தா அந்த ஒரு கூடையைத் திருப்பி அனுப்புவோம், தலைவரே. அதுக்காகப் பாலத்தை ஏன் அடைக்கணும்?"

யானையார் தலையசைத்தார். ஊசியப்பன் மறுபடியும் ஓடையைத் தாண்டி, மாமரத்தடியில் நின்று சடைச்சியிடம் மன்னிப்புக் கேட்டது. மந்தி கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு வேறொரு கூடையை எடுத்துப் பழம் நிரப்பியது.

இரண்டே நாளில் பூமுள்ளிக்குப் பால் சுரந்தது. குட்டிகள் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கின. அடுத்த நாள் பாலத்தில் உவர்மண் கட்டிகள் வந்து இறங்கியபோது, குட்டியை இழந்த அந்தத் தாய்மானும் வந்தது. தனியாக வந்தது. கட்டியை நக்கிவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனது. உடும்பும் முள்ளம்பன்றியும் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்து நின்றன.

அண்டை நாட்டாரின் பொருளில் குறை கண்டால் இருவரும் கூடி அந்தக் குறையைத்தான் நீக்க வேண்டும்; வழியையே அடைத்தால் கேடு இரண்டு பக்கத்துக்கும் வந்து சேரும்.