கோடைக்கு ஏற்ற டயர்

மார்கழிக் குளிரில் மனைவி, குழந்தையோடு கோடைக்கானலுக்குக் கிளம்பிய மில் முதலாளி சௌந்தரபாண்டியன், வத்தலக்குண்டு டயர் கடையில் காரை நிறுத்தினார்.

"நாலு சக்கரத்துக்கும் கோடை டயர் போடு!"

டயர் மாட்டும் ஒச்சம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, அது வெயில் காலத்து டயருங்க. மலைக் குளிருக்கு, எல்லாக் காலத்துக்கும் ஓடுற டயர்தான் நல்லது."

"எனக்கே பாடமா? கோடைக்குப் போறவனுக்குக் கோடை டயர்தான்! கடை இருக்கிற இடம் என்னுது. காலி பண்ண வச்சிருவேன்!"

"சரிங்கய்யா." அவள் டிக்கியைத் திறந்து ஸ்வெட்டர், கம்பளி, குல்லா எல்லாவற்றையும் வாரி வெளியே வைத்தாள்.

முதலாளி அலறினார். "ஏய், என்ன பண்றே?"

"கோடைக்குத்தானே போறீங்க? மல் ஜிப்பா போதுமேங்கய்யா."

"அங்க விறைச்சே செத்துருவேன்!"

"டயரும் அங்க அப்படித்தாங்கய்யா விறைக்கும். வளைவுல வழுக்குனா கீழ பாதாளம்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள், பின்சீட்டிலிருந்த அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரை விட்டு இறங்கிவிட்டார்.