முதல் தண்ணீர்

பன்னிருபேட்டையின் தெற்கு வாசலில் காவலாளி இருவரை நிறுத்தினான்.

ஒருவர் சடையாண்டி. முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். தலை நரைத்த பிறகு சீடரானவர். மற்றவர் அவருடைய குரு ஆவுடையாள். சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். சீடரைத் "தரகரே" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் அது சடையாண்டிக்குச் சுருக்கென்று தைக்கும்.

"ரெண்டு பேருக்கும் முதல் தடவையா?"

"ஆமா," என்றார் குரு.

"அப்ப வழக்கத்தைக் கேட்டுக்குங்க. உள்ளே பன்னிரண்டு பேட்டை. எந்தப் பேட்டையில முதல் தண்ணி வாங்கிக் குடிக்கிறீங்களோ, அந்தப் பேட்டைதான் உங்களுக்கு ஊரு, உறவு எல்லாம். சோறு போடுறது, தங்க வைக்கிறது, சுத்திக் காட்டுறது அவங்க பொறுப்பு. நீங்க இங்கேயே செத்துப் போனாலும் தூக்குறது அவங்கதான்."

"பிடிக்கலேன்னா வேற பேட்டைக்கு மாறிக்கலாமா?" என்றார் சடையாண்டி.

"பொறந்த வயித்தை மாத்திக்க முடியுமா?"

"எங்கயும் குடிக்கலேன்னா?"

"விளக்கு வைக்கிறதுக்குள்ள வெளிய போயிடணும். அப்புறம் இந்த ஜென்மத்துல உள்ளே விடமாட்டோம்."

பன்னிருபேட்டையைப் பற்றிச் சடையாண்டி இளந்தாரியாக இருந்தபோதே சந்தைக்கு வருகிறவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆற்றுக்கு நடுவில் கடைத்தெருவாம். புதிதாக வார்த்த மணியை முதல் தடவை அடிக்கும்போது ஊரே வேலையை நிறுத்திக் கேட்குமாம். அந்த ஊரைப் பார்க்கப் பதினெட்டு நாள் நடந்து வந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், ஆவுடையாளிடம் அவர் சீடராகச் சேர்ந்ததற்குப் பாதிக் காரணமே குரு இந்தப் பக்கம் போகிறார் என்று கேள்விப்பட்டதுதான்.

"அம்மா, எந்தப் பேட்டையில ஆரம்பிக்கலாம்?"

வாசலைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு தெரு. அங்கிருந்து அவுரிச் சாயத் தொட்டி நாற்றம் குப்பென்று வந்தது. தெருமுனையில் ஒரு பெண் முழங்கை வரைக்கும் நீலக் கையோடு துணி பிழிந்துகொண்டிருந்தாள். குரு நேராக அவளிடம் போய் ஏதோ சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, செம்போடு வந்தாள். குரு அண்ணாந்து குடித்தார்.

சடையாண்டிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வாசல்லயே விழுந்துட்டாங்களே," என்றார் காவலாளியிடம். "பாக்க வேணாமா? விசாரிக்க வேணாமா? பன்னிரண்டு இருக்கு. போயும் போயும் சாயத் தொட்டியா?"

"நல்ல சனங்க," என்றான் காவலாளி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, மாட்டை விக்கிற வரைக்கும்."

சுழி பார்க்காமல், பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நாலடி நடத்திப் பார்க்காமல் ஒரு மாட்டையும் அவர் முடித்து வைத்ததில்லை. ஊருக்கும் அதேதான் என்று முடிவு பண்ணிக்கொண்டு நடந்தார்.

முதலில் முத்துக்காரர் பேட்டை. கதவுக்குக் கதவு பித்தளைப் பூண். ஒரு பெரியவர் வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தார். சடையாண்டி பழக்க தோஷத்தில் துண்டை எடுத்து வலது கையில் போர்த்திக்கொண்டார். சந்தையில் விலையைத் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள்.

"கையில புண்ணா?" என்றார் பெரியவர்.

"இல்லே. குடிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். உங்க பேட்டையில என்னென்ன காட்டுவீங்க?"

பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீங்களேன்னு கொண்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்தது மணி வார்க்கிற பேட்டை. ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது. சடையாண்டிக்கு மயிர் கூச்செறிந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்தார். கதவு திறந்தது. கருத்து உயர்ந்த ஒரு அம்மாள் மண்சட்டியோடு நின்றாள்.

"உள்ளே என்ன சத்தம், தாயி?"

"புது மணி. சாயங்காலம் அடிச்சுப் பாக்கப் போறோம். தண்ணி குடிங்க."

"ஒரு தடவை காட்டுங்க. குடிக்கிறேன்."

"குடிங்க, காட்டுறோம்."

"காட்டுனாத்தான் குடிப்பேன்."

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்குற ஆளு போல," என்றாள் அவள். உள்ளே யாரோ சிரித்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

தச்சர் பேட்டையில் தண்ணீரில் மரவாசனை அடிக்குமோ என்று கேட்டார். எண்ணெய்ச் செக்குப் பேட்டையில் கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டார். பரிசல்காரர் பேட்டையில், "இதுவரைக்கும் வந்த விருந்தாளிங்க யாராவது வருத்தப்பட்டதுண்டா?" என்று கேட்டார். "இப்பத்தான் ஒருத்தரைப் பாக்குறோம்," என்றார்கள்.

அங்கே ஆற்றங்கரையில் நிற்கும்போதுதான் பார்த்தார். நடு ஆற்றில் பரிசல்களை ஒன்றோடொன்று கட்டிக் கடை போட்டிருந்தார்கள். கதை இல்லை, நிஜம். அதில் ஒரு பரிசலில் நீலக் கைப் பெண்ணும் குருவும் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள். குரு கையை ஆட்டினார். சடையாண்டி பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

இன்னும் சில பேட்டைகளைக் கடப்பதற்குள் வெயில் சாய்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஆனாலும் விடவில்லை, இன்னும் நாலு பேட்டை பாக்கி. எட்டுப் பேட்டையை ஒதுக்கிவிட்டு ஒன்பதாவதில் ஏமாறுவதற்கா இவ்வளவு தூரம் வந்தார்?

பூக்காரர் பேட்டைக்குள் நுழையும்போது ஒரு பாட்டு நின்றது. ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"பல்லுப் பாக்குறவர் வர்றாருடி. சட்டியை உள்ளே வை."

அதற்கப்புறம் யாரும் தண்ணீரோடு வரவில்லை. வணக்கம் சொன்னார்கள். வழி விட்டார்கள். பன்னிரண்டாவது பேட்டையின் பேரைக்கூட அவர் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அந்த மணி அடித்தது. தெருவே நின்றது. தறிச் சத்தமும் உளிச் சத்தமும் ஒரே நேரத்தில் அடங்கின. சடையாண்டி நிமிர்ந்து பார்த்தார். மணிப் பேட்டையின் மொட்டை மாடியில் சின்னக் கூட்டம். நடுவில் குரு, அதிரும் மணியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் அந்தக் கருத்து உயர்ந்த அம்மாள்.

சடையாண்டி தெற்கு வாசலுக்கு வந்து கல்லில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குருவும் வந்தார். புடவைத் தலைப்பில் நீலக் கறை.

"எல்லாம் பாத்துட்டீங்க," என்றார் சடையாண்டி.

"நாலு பேட்டைதான் பாத்தேன். நாளைக்கு மேற்கே கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கா, துணி பிழிஞ்ச அந்த மாரக்கா."

"சாயக்காரங்க எல்லாப் பேட்டைக்கும் துணி கொண்டுபோறவங்க. அவங்களோட போனா எல்லாக் கதவும் திறக்கும். இப்பத்தான் எனக்குப் புரியுது." அவர் குரல் ஏறியது. "உங்களுக்கு முந்தியே தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தேனே அம்மா."

"எனக்குத் தெரியாது."

"தெரியாமலா? பன்னிரண்டு பேட்டையில, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற அந்த ஒண்ணுல போய்க் குடிச்சீங்க?"

"தாகமா இருந்துச்சு."

சடையாண்டி எழுந்தே விட்டார். "எனக்குந்தான் தாகமா இருந்துச்சு. காலையிலேர்ந்து இருக்கு. இப்பவும் இருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா, தரகரே?"

சடையாண்டி விளக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

காவலாளி வாசல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியைத் திரித்துக்கொண்டிருந்தான். சடையாண்டி கையில் சுற்றியிருந்த துண்டை உருவித் தோளில் போட்டார். வாசலுக்கு உள்ளே, வலது கைப்பக்கம், காலையில் அவர் கண்ணிலேயே படாத ஒரு தாழ்ந்த வீடு. ஒரு ஆள் பானையை உள்ளே எடுத்து வைக்கப் போனார். எந்தப் பேட்டை வீடு என்று தெரியவில்லை.

சடையாண்டி போய் அவர் முன்னால் நின்று ஏதோ சொன்னார். வாசல் வரைக்கும் கேட்கவில்லை. பிறகு குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே ஏந்தினார்.

காவலாளி எரிகிற குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு குருவைப் பார்த்தான்.

"விளக்கு வைக்கட்டுமா?"

"பொறுங்க," என்றார் குரு. "குடிக்கிறார்."