முயல் கழற்றிக் கொடுத்த தோசைக்கல்

மேட்டுக்காட்டில் மின்னி என்றொரு கீரி இருந்தது. குளத்தங்கரை வளையில் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. போன மழைக்கு வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு மின்னி ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதை அது இன்றுவரை மறக்கவில்லை.

இந்த வருஷம் மலை உச்சி ஆலமரத்தடிப் பொந்து காலியானது. சொட்டு ஈரம் இறங்காத பொந்து! மின்னி ஓடிப்போய் நாட்டாமையிடம் கேட்டது. வேகவேந்தன் என்ற முயலும் அதையே கேட்டது. அதற்கு ஏற்கெனவே இரண்டு வளைகள் உண்டு. மூன்றாவது எதற்கு என்றால், "காத்து வாங்க!" என்றது.

நாட்டாமைக் காட்டெருமை அசைபோட்டபடி யோசித்தது. "நாளைக் காலையில ரெண்டு பேரும் சைக்கிள்ல மலை ஏறுங்க. கால் தரையில பட்டுச்சுன்னா தோத்தாச்சு. ஜெயிக்கிறவங்களுக்குப் பொந்து!" என்றது.

காட்டில் ஏது சைக்கிள் என்று கேட்காதீர்கள். காட்டெருமை தீர்ப்புச் சொன்னதை நம்பியவர்கள் இதையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

மின்னி தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஊசிமுத்து கடைக்குப் போனது. ஊசிமுத்து ஒரு முள்ளம்பன்றி. காட்டுக்கே சைக்கிள் மெக்கானிக். முதுகு முள்ளில் ஒன்றைப் பிடுங்கித்தான் செயினையே கழற்றும்.

"அண்ணே, மேடு வந்தா மிதிக்கவே முடியல. நெஞ்சு வலிக்குது!"

ஊசிமுத்து பின்சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தது. "பல்சக்கரமா இது? அச்சுமுறுக்கு மாதிரி இருக்கு! இது சமதரைக்குத்தான் தங்கச்சி. மலைக்குச் சின்ன கியர் வேணும்."

"இதுவே சின்னதாத்தானே இருக்கு?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க! சின்ன கியர்னா லேசா மிதிக்கிற கியர். பின்னால பல்சக்கரம் எவ்வளவு பெருசோ, கியர் அவ்வளவு சின்னது. மெதுவாப் போகும், ஆனா எந்த மேட்டுலயும் ஏறும்."

"அப்போ பெருசா ஒண்ணு மாட்டி விடுங்கண்ணே!"

"இந்தக் காட்டுலயே அப்படி ஒண்ணுதான் இருக்கு" என்று ஊசிமுத்து மூலையைக் காட்டியது. பஞ்சர் ஒட்ட வந்த வேகவேந்தனின் சைக்கிள் அங்கே நின்றது. அதன் பின்னால் தோசைக்கல் அகலத்துக்குப் பல்சக்கரம்!

மின்னிக்கு அழுகை முட்டியது. ஊசிமுத்தும் பெருமூச்சு விட்டு, "என்ன பண்றது? சின்ன கியர் இருக்கிறவங்கதான் நாளைக்கு ஜெயிப்பாங்க!" என்றது.

சைக்கிளை வாங்கிப்போக வந்த வேகவேந்தனின் நீண்ட காதில் அந்த ஒரு வரி மட்டும் விழுந்தது. அது தன் தோசைக்கல்லைப் பார்த்தது. மின்னியின் அச்சுமுறுக்கைப் பார்த்தது. பகீரென்றது.

"ஏய் கீரி! உன் பல்சக்கரத்தைக் கழட்டிக் கொடு. என்னோடதை நீ வச்சுக்கோ!"

மின்னியின் மீசை துடித்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று வாலைக் கடித்துக்கொண்டது. "ஐயோ அண்ணே! அதை மட்டும் கேக்காதீங்க!"

"அப்படின்னா கண்டிப்பா வேணும்! டேய் ஊசி, மாத்துடா!"

நேர்மையான ஊசிமுத்து வாயைத் திறந்தது. "தம்பி, சின்ன கியர்னா என்னன்னா..."

"வாயை மூடு! எனக்குத் தெரியாதா? வேலையைப் பாரு!"

ஊசிமுத்து வாயை மூடிக்கொண்டது. பல்சக்கரங்கள் இடம் மாறின. மின்னியின் செயினில் நாலு கண்ணி கூடுதலாகக் கோத்துவிட்டு, ஊசிமுத்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டியது.

மறுநாள் காலை வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் குட்டிகளை மேலே சேர்க்கவேண்டுமே என்று மின்னிக்குப் பதைபதைத்தது.

காட்டெருமை, "ம்ம்ம்மா!" என்று கத்தியதும் முயல் சிட்டாகப் பறந்தது. மின்னியின் கால்கள் கிறுகிறுவென்று சுற்றின. வண்டியோ ஊர்ந்தது.

"என்ன கீரி, மாவாட்டுறியா?" என்று திரும்பிப் பார்த்துக் கத்தியது வேகவேந்தன்.

மின்னி மிதித்துக்கொண்டே இருந்தது.

முதல் வளைவில் முயல் உட்கார்ந்து மிதித்தது. இரண்டாவது வளைவில் எழுந்து நின்று மிதித்தது. மூன்றாவது வளைவில் பெடல் மேல் ஏறிக் குதித்தே பார்த்தது. பெடல் அசையவில்லை! சைக்கிள் இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, முயலோடு முள்புதரில் சாய்ந்தது.

கிறுகிறு, கிறுகிறு என்று மின்னி வந்து சேர்ந்தது. "அண்ணே, மாவாட்டி முடிச்சாச்சு. உங்க கல்லுல தோசை ஊத்தப் போறேன்!" என்று சொல்லிவிட்டு மேலே போனது.

உச்சியில் ஆலமரம் தெரிந்தபோது அதற்குக் கண்ணீரே வந்துவிட்டது. பின்னாலேயே ஊசிமுத்தோடு ஏறிவந்த காட்டெருமையின் முதுகிலிருந்து குட்டிகளை இறக்கிப் பொந்தில் விட்டதும் மழை கொட்டத் தொடங்கியது.

அப்போதுதான் வேகவேந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காதெல்லாம் முள்ளோடு வந்தது. "நாட்டாமை! இது மோசடி! சின்ன கியர் ஜெயிக்கும்னு இந்த ஊசிதான் சொன்னான்!"

"சொன்னேன்" என்றது ஊசிமுத்து. "அடுத்த வரியைச் சொல்ல வந்தேன். நீதான் வாயை மூடுன்னே."

காட்டெருமைக்குச் சிரிப்பில் அசைபோட்ட புல் புரையேறியது. முயல் நனைந்த பஞ்சாக நின்றது. பார்த்த மின்னிக்கே பாவமாகிவிட்டது.

"உள்ள வாங்கண்ணே, மழை விட்டதும் போகலாம்."

முயல் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தது. கடைக்குட்டி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டது: "அம்மா, நமக்கு வீடு வாங்கிக் கொடுத்த மாமா இவர்தானா?"

பாதிப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்ல வருபவரின் வாயை அடைப்பவர், தன் வெற்றியைத் தானே கழற்றி அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்.