சொரிமுத்துவின் துண்டு

மலையடிவார ஊர் ஒன்றில் பழங்கால உடைகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். துணிகளைப் பழுது பார்த்துக் காக்கும் பொறுப்பு ஞானசௌந்தரியிடம் இருந்தது. துணியைப் பார்த்தே அதை உடுத்தியவரைப் பற்றிச் சொல்லிவிடுவார். அதனால் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சீடர், உலகநாதன். முப்பது வருஷம் தையல் கடை நடத்தியவர். டீச்சரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். "தைக்கத் தெரியும் டீச்சர். துணியைப் படிக்கத் தெரியாது" என்று சொல்லி வந்து சேர்ந்திருந்தார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். முதல் கூடத்தில் இரண்டு பொம்மைகள் நின்றன. ஒன்றின்மேல் ஜமீன்தார் ஒருவரின் வெல்வெட் கோட்டு. அவருடைய பேரன் ராஜவேல் துரை இரவல் கொடுத்தது. இன்னொரு பொம்மைக்கு ஒரு வேட்டியும் சிவப்புத் துண்டும். ஜமீன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய சொரிமுத்து என்பவருடையவை. அவருடைய பேத்தி பேச்சித்தாய் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் கொண்டுவந்து கொடுத்தவை.

உலகநாதன் துண்டைப் பொம்மையின் இடுப்பில் கட்டியிருந்தார்.

"டீச்சர், சரியா இருக்கா?"

"யாரைக் கேட்டுக் கட்டுனீங்க அண்ணாச்சி?"

"துரைதான் சொன்னாரு. சொரிமுத்து மாதிரி ஆளுங்க அந்தக் காலத்துல தோள்ல துண்டு போடக் கூடாதே. போட விட மாட்டாங்களே. நடந்ததைத்தானே நாம காட்டணும்?"

டீச்சர் துண்டை அவிழ்த்தார். ஜன்னலோர மேஜையில் விரித்தார்.

"படிங்க" என்றார்.

உலகநாதன் குனிந்து உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"நீளவாக்குல மடிச்சே வச்சிருந்திருக்காரு. மேல் மடிப்பு மட்டும் வெளுத்திருக்கு. உள் மடிப்புல சாயம் அப்படியே இருக்கு."

"எந்த இடத்துல ரொம்ப வெளுத்திருக்கு?"

"நடுவுல. ஒரு சாண்."

"முடிச்சு போட்ட தடம்?"

"ரெண்டு முனையிலயும் இல்ல."

அந்த ஒரு சாணைத் தன் உடம்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"டீச்சர், இது தோள்."

உலகநாதனே எழுந்து போய்த் துண்டைப் பொம்மையின் தோளில் போட்டார்.

மதியம் டியூட்டி முடிந்து பேச்சித்தாய் பார்க்க வந்தார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே துரையும் வந்தார்.

"என்னய்யா இது? துண்டை இறக்கு."

உலகநாதன் டீச்சரைப் பார்த்தார்.

"இறக்க வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்மா, எங்க தாத்தா கோட்டுக்குப் பக்கத்துல இவன் தோள்ல துண்டோட நிக்கிறதா? அவர் முன்னால இப்படி நின்னிருந்தா கையை ஒடிச்சிருப்பாரு."

"ஒடிச்சாங்க" என்றார் பேச்சித்தாய்.

தன் வலது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"வலது கை. மூங்கில் பத்தை வச்சு மூணு மாசம் கட்டியிருந்தாங்களாம். எனக்கு விவரம் தெரிஞ்சப்பவும் மணிக்கட்டு கோணலாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறமும் எங்க தாத்தா துண்டை இறக்கல. இடது கையால எடுத்துப் போட்டுக்கிட்டாரு."

"வாய்க்கு வந்ததைச் சொல்லலாம். ஆதாரம் வேணும்ல?" துரை டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

பதில் உலகநாதனிடமிருந்து வந்தது. "ஒரு நாள் ரெண்டு நாள் போட்டா சாயம் இப்படிப் போகாதுய்யா. வருஷக்கணக்குல வெயில் குடிச்சிருக்கு. நான் தையக்காரன். துணி எனக்குப் பொய் சொல்லாது."

துரையின் முகம் சிவந்தது. "அப்போ ஒண்ணு செய்யுங்க. அந்தத் துண்டு இறங்கணும். இல்லேன்னா என் கோட்டு போகும். நாளைக்கு மந்திரி வர்றாரு. கோட்டு இல்லாம எதைக் காட்டப் போறீங்க?"

டீச்சர் கோட்டுப் பொம்மையிடம் போனார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மடிப்புக்கு மடிப்பு மெல்லிய வெள்ளைத் துணி வைத்து நிதானமாக மடித்தார். பெட்டியில் வைத்து மூடி, இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினார்.

"வெல்வெட் நசுங்கிடும். மேல எதையும் வச்சிராதீங்க."

துரை இதை எதிர்பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

"டீச்சர், மேலதிகாரி சும்மா விடுவாரா?" என்றார் உலகநாதன். "வேலைக்கே ஆபத்து வந்துட்டா?"

"வரட்டும்."

பேச்சித்தாய் தாத்தாவின் துண்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்றார். பக்கத்துப் பொம்மை வெறும் மரமாக நின்றது. உலகநாதன் அதைத் தூக்கிக் கிடங்கில் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவருக்கு வேறொன்று உறுத்தியது.

"டீச்சர், இவரை அந்தக் கோட்டைப் பார்த்த மாதிரில்ல நிறுத்தியிருக்கேன். இப்போ அங்க ஒண்ணுமில்ல. இனிமே இவர் யாரைப் பார்க்கிறது?"

"வாசலைப் பார்த்துத் திருப்பி வைங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "நாளைக்கு யார் வந்தாலும் முதல்ல இவர் முகத்துக்கு நேரா வந்து நிக்கட்டும்."