கல்மேட்டில் கடல் கடந்த அரசர்

முன்னொரு காலத்தில், காற்று மனம் வைத்தால்தான் கப்பல் கிளம்பும் என்றிருந்த நாட்களில், ஒரு துறைமுக நாட்டை வீரசேகரர் என்ற அரசர் ஆண்டு வந்தார். நறுமலைத் தீவிலிருந்து இலவங்கமும் கற்பூரமும் ஏற்றி வந்த கப்பல் தலைவர் சுமர்த்தா, ஒருநாள் சபையில் தன் ஊர்ப் பெருமையை அள்ளி விட்டார். கேட்கக் கேட்க அரசருக்குக் கால் பரபரத்தது.

"அந்தத் தீவின் மண்ணை நான் மிதித்தே ஆகவேண்டும்! நாளை சூரியன் மறைவதற்குள்! ஆனால் கப்பலில் மட்டும் ஏறமாட்டேன்!"

சபை திகைத்தது. கோயில் தெப்பத்தில் ஏறினாலே அரசருக்குக் குடலைப் புரட்டும். போதாததற்கு வாடைக்காற்று வேறு. இன்னும் நான்கு மாதத்துக்குக் கிழக்கே எந்தக் கப்பலும் போகாது.

அமைச்சர் வாணராயர் துள்ளி எழுந்தார். சபை விகடகவி அம்பலக்கூத்தனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"பிரபு, இதை முடிக்கும் மூளை கூத்தனுக்கு மட்டுமே உண்டு. தோற்றால், காற்று திரும்பியதும் முதல் கப்பலில் அவனை ஏற்றிவிடுவோம். திரும்பி வரவே கூடாது!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர்.

கூத்தனின் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் நாடு கடப்பதா?

துறைமுகத்துக்கு ஓடினான். சுமர்த்தாவின் கப்பலருகே போனதும், தொப்! காலடியில் ஒரு கருங்கல் வந்து விழுந்தது.

"யோவ், தள்ளி நில்லுய்யா! மண்டை உடைஞ்சா நானா பொறுப்பு?" மேல்தட்டிலிருந்து ஒரு கூலியாள் கத்தினான்.

"கல்லை எதுக்குப்பா வெளியே வீசுற?"

"வரும்போது லேசான சரக்கு. கப்பல் கவிழாம இருக்க அவங்க ஊர்க் கல்லையும் மண்ணையும் அடியில போட்டு வர்றாங்க. திரும்பிப் போகும்போது நெல்லுல்ல ஏத்துவாங்க? இது எதுக்கு?"

கூத்தன் தாவி ஏறி அவனைக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் மாலை. கடற்கரையில் ஆளுயரக் கல்மேடு. மேற்கே பனைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏறுங்கள் பிரபு! இதுதான் நறுமலைத் தீவின் மண்!"

"நம் ஊர்க் குப்பைமேட்டைக் காட்டி அரசரையே ஏய்க்கிறாயா?" வாணராயர் சீறினார். அரசரின் முகம் சிவந்தது. சூரியன் பாதி மறைந்துவிட்டது!

"கப்பல் தலைவரே சொல்லட்டும்" என்றான் கூத்தன்.

சுமர்த்தா மேட்டில் ஏறினார். கல்லிடுக்கு மண்ணில் ஒரு சிறு செடி ஒட்டிக்கொண்டிருந்தது. இலையைக் கிள்ளி வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா மீன் குழம்புல போடுற இலை! எங்க ஆத்தங்கரையைத் தவிர எங்கேயும் முளைக்காது. மண்ணோட ஒட்டி வந்திருக்கு." கையை நீட்டினார். "அரசே, எங்க ஊருக்கு வாங்க!"

அரசர் பாதுகையை உதறிவிட்டு ஏறினார். "மிதித்துவிட்டேன்!"

"பிரபு, மண்தான் வந்திருக்கிறது, தீவு வரவில்லையே!" வாணராயர் விடவில்லை.

"அரசர் கேட்டது மண்தானே, அமைச்சரே? தீவையே கேட்டிருந்தால் நான் படையல்லவா கேட்டிருப்பேன்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "பிடி, கூத்தா! நீ எங்கும் போக வேண்டாம்!"

கூத்தன் இரண்டடி பின்வாங்கினான். "ஐயோ, வேண்டாம் பிரபு! வெளிநாட்டில் வாங்கிய மாலை என்று அமைச்சர் சுங்கம் கேட்பார். ஊர் திரும்பியதும் கொடுங்கள்."

கடற்கரையே அதிரச் சிரித்த அரசர், ஒரே தாவலில் சொந்த நாட்டு மணலில் குதித்து, மாலையை அவன் கழுத்தில் போட்டார்.