நாவல்பள்ளத்துக் காவல்

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய காடு. இக்கரையில் ஒரு சின்ன மலைக்காடு. இரண்டையும் ஒரே சிங்கம்தான் ஆண்டு வந்தது. மலைக்காட்டு மிருகங்களுக்கு இது பிடிக்கவில்லை. "நம் புல்லும் சுனையும் எங்கே இருக்கின்றன என்று அக்கரையில் படுத்திருப்பவருக்கு என்ன தெரியும்? நம் காட்டை நாமே ஆளவேண்டும்!" என்று பத்து வருடம் கத்தின.

கத்தல் தாங்காமல் ஒருநாள் சிங்கம், "சரி, உங்கள் காட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ராஜா நான்தான்" என்று சொல்லிவிட்டது.

அன்றைக்கு மலைக்காட்டில் ஆடாத கால் இல்லை. யானையைத் தலைவராக்கி மலையுச்சியில் உட்கார வைத்தார்கள். யானைக்கு மாலை என்றால் உயிர். யார் கொண்டுவந்தாலும் கழுத்தை நீட்டும். அக்கரையிலிருந்து கிளம்பிய அதிகாரம் மலையுச்சி வரை வந்து சேர்ந்தது. அங்கிருந்து அது கீழே இறங்கவே போவதில்லை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மலையடியில் நாவல்பள்ளம் என்று ஓர் இடம். அங்கே மருதாயி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வாழ்ந்தது. பள்ளத்துச் சபைக்கு மருதாயிதான் தலைவி. சபை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. ஒரு பன்றிக் கூட்டம், நாலு முயல் வளை, இரண்டு முள்ளம்பன்றி, ஏழெட்டு மான் குடும்பம். அந்தச் சபைக்கு வேலையும் ஒன்றே ஒன்றுதான். அது காவல்.

பள்ளத்தின் நடுவே ஓர் உயர்ந்த நாவல் மரம். அதன் உச்சியில் சங்கிலி என்ற குரங்கு பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலும் போதும், "கர்க்! கர்க்! கர்க்!" என்று தொண்டை கிழியக் கத்தும். அடுத்த நொடி பள்ளமே முள்புதருக்குள் இருக்கும்.

பகலெல்லாம் காவல் இருந்தால் சங்கிலி எப்போது இரை தேடுவது? அதற்காகத்தான் வாய்வரி. தினமும் குடும்பத்துக்கு ஒரு வாய். பன்றி ஒரு வாய் கிழங்கு கொண்டுவரும். மான் ஒரு வாய் நெல்லிக்காய். முயல் தன் வாய்க்குத் தக்க தளிர். மரத்தடியில் வைத்துவிட்டு, "சங்கிலி அண்ணே, சாப்பிடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். வரி கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே அந்த மரத்தின் உயரம்தான் இருந்தது.

மருதாயியின் குட்டிக்கு நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. அதனால் பெயரும் பொட்டு. பிறந்து மூன்று மாதம். அதற்கு ஓடத் தெரியும். எதைக் கண்டால் ஓட வேண்டும் என்றுதான் இன்னும் தெரியாது. "சங்கிலி மாமா கத்தினா ஓடு" என்று மட்டும் மருதாயி சொல்லி வைத்திருந்தது.

ஒருநாள் காலையில் மலையுச்சியிலிருந்து நரி வந்தது. கூடவே எழுத்தர் காக்கை. காட்டைச் சீர்திருத்துவதற்கென்று யானை நியமித்த அதிகாரி இந்த நரிதான்.

"அம்மணி, போன வருடம் உங்கள் பள்ளத்தில் சிறுத்தை எத்தனை பேரைத் தூக்கியது?" என்று நரி கேட்டது.

"ஒருத்தரையும் தூக்கலீங்க" என்று பெருமையாகச் சொன்னது மருதாயி.

"அதற்கு முந்தின வருடம்?"

"அப்பவும் இல்லீங்க."

நரி காக்கையைத் திரும்பிப் பார்த்தது. "எழுதிக்கொள். நாவல்பள்ளத்தில் சிறுத்தைத் தொல்லை இல்லை. காவல் தேவையில்லை."

மரத்தின் மேலிருந்து சங்கிலி பொத்தென்று குதித்தது. "என்னய்யா அநியாயமா இருக்கு! போன வருசம் மட்டும் நாப்பது தரம் கத்தியிருக்கேன். அதனாலதான்யா ஒருத்தரும் சாகல!"

"கத்தியதற்கு என்ன அத்தாட்சி?"

"எல்லாரும் ஓடினாங்களே!"

"ஓடினார்கள், சரி. யாரையாவது சிறுத்தை கடித்ததா?"

"கடிக்கல..."

"பிறகு என்ன? கடிக்காத சிறுத்தைக்காகத் தினமும் இத்தனை வாய் நெல்லிக்காயா?"

 சங்கிலிக்குக் கத்தத்தான் தெரியும், வாதாடத் தெரியாது.

நரி குரலைத் தேன் போல ஆக்கிக்கொண்டது. "அம்மணி, நாலு பள்ளத்துக்கு நாலு காவல், நாலு சபை. எல்லாம் வீண் செலவு. இனி மலையுச்சியில் ஒரே காவல். அங்கிருந்து பார்த்தால் நாலு பள்ளமும் தெரியும். உங்களுக்கு வரியும் பாதி. ஒரு வாய் கொடுத்த இடத்தில் அரை வாய் கொடுத்தால் போதும்."

பன்றிகள் உறுமி வரவேற்றன. மருதாயி யோசித்தது. அந்த வருடம் நெல்லி சரியாகக் காய்க்கவில்லை. அரை வாய் மிஞ்சினால் பொட்டுவுக்கு ஆகும்.

"மருதாயி, வேணாம் தாயி" என்று சங்கிலி கெஞ்சியது. "மலையுச்சியில இருந்து பாத்தா மரத்தோட தலைதான் தெரியும். சிறுத்தை என்ன மரத்துத் தலை மேலயா நடந்து வரும்?"

"பாவம், பிழைப்பு போகிறதே என்ற பயம்" என்றது நரி, மருதாயிக்கு மட்டும் கேட்கும்படி.

மருதாயி சங்கிலியை ஏறிட்டுப் பார்த்தது. தன் வயிற்றுக்காகத்தான் பேசுகிறாரோ? அத்தனை வருடத்தில் அந்தக் குரங்கின் மேல் அதற்கு வந்த முதல் சந்தேகம் அது. அந்தச் சந்தேகம் தீருவதற்குள் காக்கை தான் எழுதிய ஈரக் களிமண் பலகையை நீட்டியது. அந்தக் காட்டில் களிமண்ணில் குளம்பு பதித்தால் சம்மதம் என்று அர்த்தம். மருதாயி தன் முன்னங்காலை எடுத்து வைத்துவிட்டது.

சங்கிலி அன்று மரத்தடியில் வைத்த நெல்லிக்காயையும் எடுக்காமல் காக்கையின் பின்னால் மலையேறிப் போயிற்று.

உச்சியில் அதற்குத் தலைமைக் காவலர் பட்டம் கிடைத்தது. கூடவே ஓர் உத்தரவும் கிடைத்தது. சிறுத்தையைக் கண்டால் கத்தக் கூடாது, தலைவர் தூங்குகிற இடம். நரியிடம் சொல்ல வேண்டும். நரி யானையிடம் சொல்லும். யானை தலையாட்டினால் காக்கை கீழே போய் எச்சரிக்கும்.

வரி ஒரு மாதம் அரை வாயாகவே இருந்தது. அடுத்த மாதம் மலையேற்றிக் கொண்டுபோகும் கூலி என்று இன்னோர் அரை வாய் கேட்டார்கள். அதற்கடுத்த மாதம் சீர்திருத்த விழா என்று மற்றோர் அரை வாய். மருதாயி மலையேறிப் போய்க் கேட்டது.

"நாங்கள் என்ன செய்வோம்? சிங்க ராஜா நம் காட்டுக்கு அனுப்பும் தீனிப் பங்கு குறைந்துவிட்டது. அக்கரையில் கேளுங்கள்" என்றது நரி.

மருதாயி ஆற்றை நீந்தி அக்கரைக்கும் போயிற்று. "உங்கள் காட்டை நீங்களே ஆள்கிறீர்கள். இங்கே ஏன் வந்தாய்?" என்று சிங்கத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெயில் தாழ்ந்த ஒரு நாள், மருதாயி பொட்டுவைச் சுனைக்குக் கூட்டிப்போயிற்று. குனியுமுன் நாவல் உச்சிப் பக்கம் காதைத் திருப்பியது. சத்தம் இல்லை. சரி, பயமில்லை என்று குனிந்துவிட்டது. உச்சி அமைதியாக இருந்தால் பள்ளம் பத்திரம் என்பது அத்தனை வருடப் பழக்கம். அங்கே இப்போது யாருமே இல்லை என்பது மண்டைக்குத் தெரியும், காதுக்குத் தெரியவில்லை.

கோரைப் புல்லுக்குள்ளிருந்து சிறுத்தை மெல்ல எழுந்தது. பொட்டு அதை நேருக்கு நேர் பார்த்தது. பார்த்தும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லையே!

மருதாயி நிமிர்ந்தபோது சுனையில் ஒரு வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் நடுப்பகலில் காக்கை வந்து நாவல் கிளையில் உட்கார்ந்தது. "எச்சரிக்கை! நாவல்பள்ளத்துக்குச் சிறுத்தை வரக்கூடும்! அனைவரும் கவனமாக இருக்கவும்!" என்று மூன்று முறை கூவிவிட்டு, கூவியதற்கு அடையாளமாக ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு பறந்தது.

மருதாயி மலையேறியது. வழியில் ஒரு கிளையில் சங்கிலி சுருண்டு கிடந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஒரு வால் தெரிஞ்சுது தாயி. நரிகிட்ட ஓடினேன். தலைவர் குளிக்கப் போயிருக்காரு, வரட்டும்னுச்சு. உத்தரவாவது மண்ணாவதுன்னு நானே கத்தினேன். எதிர்க்காத்து தாயி. கீழ வரைக்கும் வரல."

"தெரியும் அண்ணே. நீங்க கத்தியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றது மருதாயி. சொல்லிவிட்டு மேலே நடந்தது.

ஆலமரத்தடியில் யானை உட்கார்ந்திருந்தது. யாரோ வருவதைக் கண்டதும் மாலையாக்கும் என்று கழுத்தை நீட்டியது. மாலை விழவில்லை. மெல்லத் திரும்பிக்கொண்டது.

நரி எழுந்து வந்தது. "கேள்விப்பட்டோம், அம்மணி. மிகவும் வருந்துகிறோம். ஆனால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது."

"நல்லதா? எம்புள்ள போனதுலயா?"

"கோபப்படாதீர்கள். இதுவரை உங்கள் பள்ளத்தில் இழப்பே இல்லை. அதனால் காவல் கேட்க உங்களுக்கு வழியே இல்லாமல் இருந்தது. இப்போது ஓர் இழப்பு பதிவாகிவிட்டது. இனி தாராளமாகக் கேட்கலாம்."

மருதாயியின் குட்டி போய்விட்டது. இருந்தாலும் பள்ளத்தில் இன்னும் எத்தனையோ குட்டிகள் இருக்கின்றன. "அப்போ சங்கிலி அண்ணன எங்கூட அனுப்புங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"அங்கேதான் ஒரு சின்ன விதி" என்று நரி நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "மூன்று இழப்பு ஆன பள்ளத்துக்குத்தான் தனிக் காவல். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டது. இன்னும் இரண்டு."

"யாரு போட்ட விதி இது?"

நரி ஒரு களிமண் பலகையை எடுத்து முன்னால் வைத்தது. அது காய்ந்து கல்லாகியிருந்தது. காக்கை எழுதிய விதிகளுக்கு நடுவில் ஒரு குளம்புத் தடம். மருதாயி தன் முன்னங்காலைத் தூக்கி அதில் வைத்துப் பார்த்தது. கச்சிதமாகப் பொருந்தியது. காலால் ஓங்கி மிதித்தது. பலகை உடையவில்லை.

பொழுது சாயுமுன் மருதாயி பள்ளத்துக்கு இறங்கி வந்தது. எல்லாரும் நாவல் மரத்தடியில் காத்திருந்தார்கள். முதலில் ஓடிவந்தது பன்றித்தாய். அதன் காலுக்குள் நாலு குட்டிகள் முட்டி மோதி விளையாடிக்கொண்டிருந்தன.

"காவல் குடுக்கிறாங்களா, மருதாயி?"

"குடுப்பாங்களாம். இன்னும் ரெண்டு வேணுமாம்."

"ப்பூ! ரெண்டு வாய் கிழங்குதானே? இப்பவே தர்றேன், கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துரு" என்றது பன்றித்தாய்.

மருதாயி அதன் குட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றது.

நீதி: ஆபத்து வராத இடத்துக்குக் காவல் எதற்கு என்பவனை நம்பாதே, காவல் இருந்ததால்தான் அது வரவில்லை.